மகளின் நாடியை எண்ணிய நாட்கள்

என் நாட்குறிப்பில் ஒரே ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். வட்டத்துக்குள் 192 என்ற எண். அது என் மகளின் நாடித்துடிப்பு. அப்போது அவளுக்கு ஏழு வயது, எனக்கு நாற்பத்தெட்டு.

ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரச் சோதனை என் வேலை. ஒவ்வொரு பாகத்துக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு அளவுகள் உண்டு. மேல் எல்லையைத் தாண்டினால் சிவப்பு அட்டை கட்டித் தனியே வைத்துவிடுவேன். அந்த வருடம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் என்னையும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார்கள். இதயச் சோதனைக்காக ஓடும் பெல்ட்டில் நடக்கவிட்டபோது நாலாவது நிமிடமே எனக்கு மூச்சு முட்டியது. இதய ரத்தக்குழாயில் லேசான அடைப்பு என்றார் டாக்டர். நடக்கலாம், ஓடக்கூடாது, நாடி 130ஐத் தாண்டினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஒரு கார்டில் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் பதினைந்து நொடி நாடியை எண்ணி, நான்கால் பெருக்கிக் குறித்து வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் எதிர் வீட்டுக்கு ஓர் இளைஞர் குடிவந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன், குடியிருப்புக்குப் பின்னால் கல் நட்டு விற்காமல் கிடந்த மனைகளில் ஓடுவார். ஒரு வாரத்தில் அவர் பின்னால் நாலைந்து பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். அதில் என் மகளும் ஒருத்தி.

"அண்ணாச்சி, பாப்பா என்னா ஓட்டம் ஓடுதாங்க! என்னாலயே எட்டிப் பிடிக்க முடியல பாத்துக்கிடுங்க" என்றார் ஒருநாள்.

"எங்க குடும்பத்துல எல்லாருமே நல்லா ஓடுவாங்க" என்றேன். பொய்தான். எங்கள் குடும்பத்தில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட யாரும் ஓடியதில்லை.

அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கிய என் மகளுக்கு, வீட்டில் எதற்கெடுத்தாலும் 'மாமா சொன்னாங்க' என்றாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன்: பதினோரு முறை. பள்ளிக்குக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லி வந்தவள், அவரைப் போலவே "போயிட்டு வாரேன்ப்பா" என்றாள். எனக்கு அந்த ஒரு எழுத்து நாள் முழுவதும் குத்திக்கொண்டிருந்தது.

என் மனைவி இதையெல்லாம் கவனித்துவிட்டாள். "இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிகினு கீற? கொழந்த ஓடறா, ஓடட்டுமே. உனுக்கு வயித்தெரிச்சல், வேற ஒண்ணுமில்ல."

நான் நாட்குறிப்பைத் திறந்து என் நாடியை எண்ணத் தொடங்கினேன்.

பள்ளி விளையாட்டு விழாவில், இரண்டாம் வகுப்பு ஓட்டப் பந்தயத்துக்கு என் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சனிக்கிழமை பந்தயம். அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை நான் மனைப்பக்கம் இறங்கிப் போனேன். அவள் ஓடி முடித்ததும் பிடித்து நிறுத்தி, கழுத்தோரம் இரண்டு விரல் வைத்து எண்ணினேன். பதினைந்து நொடியில் நாற்பத்தெட்டு. பெருக்கினால் 192.

"சின்னப் பிள்ளைக்கு அப்படித்தான் அடிக்கும் அண்ணாச்சி" என்றார் அவர்.

"நீங்க டாக்டரா?" என்றேன். அவர் மற்ற பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கார்டில் 130. அவள் நாடி 192. மேல் எல்லையை அறுபத்திரண்டு தாண்டிவிட்டது. வட்டம் போட்டேன். மறுநாளே வகுப்பு ஆசிரியைக்கு, 'என் மகளுக்கு இதயத் துடிப்பு அதிகமாக உள்ளதால் பந்தயத்தில் சேர்க்க வேண்டாம்' என்று கடிதம் கொடுத்தேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கடிதத்தை மடித்தபோது மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது பயந்தவனுக்கு வரும் நிம்மதி இல்லை. இனி அவள் காலையில் அவர் பின்னால் போக மாட்டாள், அவ்வளவுதான்.

புதன்கிழமை மாலை பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் மாடித் திருப்பத்தில் நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் அவளும் நின்றாள். என்னைப் போலவே நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"டீச்சர் சொன்னாங்கப்பா, எனக்கு நெஞ்சுல கோளாறாமே. உனுக்கு இருக்கற மாதிரியேவா?"

"சும்மா கொஞ்ச நாளைக்கு ஓடாம இரு."

"சரிப்பா. ஒக்காந்துட்டுப் போலாம்."

படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதிர் வீட்டுக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தவர், எங்களைப் பார்த்ததும் மெதுவாக ஒதுங்கிப் போனார். அன்று மாலை முழுவதும் அவள் என்னை விட்டு நகரவில்லை. அன்றைய குறிப்பை இப்போது படிக்கக் கூசுகிறது. 'நல்ல நாள்' என்று எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை கம்பெனி மருத்துவ அறையில் எனக்கு மாதாந்திரச் சோதனை. சிஸ்டர் என் நாட்குறிப்பைப் புரட்டியவர் சிவப்பு வட்டத்தில் நின்றார்.

"இன்னா சார் இது, நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு? ஒங்களுதா?"

"என் பொண்ணோடது. ஏழு வயசு. ஓடி முடிச்ச ஒடனே எடுத்தது."

"மயக்கம் வருதா? நெஞ்சு வலின்னு சொல்லுதா? ஒதடு நீலமாவுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்பறம் எதுக்கு வட்டம்? ஒங்க கார்டுல இருக்கற லிமிட்ட கொழந்தைக்கு வச்சிப் பாத்தீங்களா? குவாலிட்டில இருக்கறவரு நீங்களே லாரி பிரேக் அளவ எடுத்து சைக்கிளுக்கு வச்சா எப்டி?" சிரித்துவிட்டு, முஷ்டியை மடக்கிக் காட்டினார். "அவங்க அவங்க கை மூடினா எவ்ளோவோ, ஹார்ட்டும் ஏறக்கொறைய அவ்ளோதான். சின்னது. ஒரு தரம் அடிச்சா கொஞ்சம் ரத்தந்தான் தள்ளும். ஓடும்போது ஒடம்பு நெறைய கேக்குமில்ல, அதனால வேகவேகமா அடிக்கும். சட்டுனு ஏறும், சட்டுனு எறங்கிடும். ஏறினத எழுதி வச்சிருக்கீங்க. எறங்கினது எங்க?"

எழுதவில்லை. அளக்கவே இல்லை. இத்தனை வருடம் அளவெடுப்பதே பிழைப்பாக இருந்தவன், பாதி அளவை வைத்துக்கொண்டு என் மகளுக்குச் சிவப்பு அட்டை கட்டியிருந்தேன்.

"எதுக்கும் கொழந்தைங்க டாக்டர்கிட்ட ஒரு தரம் காட்டிடுங்க" என்றார். அன்று மாலையே காட்டினேன். டாக்டர் அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு குறையும் இல்லை, தாராளமாக ஓடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆனால் என் மகள் நம்பவில்லை.

"ஓடினா செத்துருவனாப்பா?"

"இல்லம்மா. டாக்டரே சொல்லிட்டாரே."

"மாமா கூட ஓடினா ஓடறேன்."

எதிர் வீட்டுக் கதவுக்கும் எங்கள் கதவுக்கும் நடுவே நான்கு அடி. அதைக் கடக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்தவர் கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"வாங்க அண்ணாச்சி, சாப்பிடுதீங்களா?"

"நாளைக்குக் காலைல பாப்பாவ ஓடக் கூட்டினு போங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஓடினாள். நான் கல்லில் உட்கார்ந்து முழுதாக அளந்தேன். நின்றவுடன் 188. ஒரு நிமிடம் கழித்து 124. இரண்டாவது நிமிடம் 104, அதற்குள் அவள் ஒரு பட்டாம்பூச்சியைத் துரத்தக் கையை உருவிக்கொண்டாள். பிறகு நான் மாடியேறி என் நாடியை எண்ணினேன். 128. இரண்டு நிமிடம் கழித்து 116. ஐந்தாவது நிமிடமும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. அதுவரை எதிர் வீட்டுக்காரர்மீது மட்டும் இருந்த பொறாமையில் அன்று ஒரு பங்கு, நான் பெற்ற பிள்ளையின் இதயத்தின்மீதும் விழுந்தது. வேலைக்குப் போகும் வழியில் டாக்டர் சீட்டைப் பள்ளியில் கொடுத்து என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை, மைதானத்தின் ஒரு கோடியில் அவளைக் கோட்டில் நிறுத்தி, ஷூ நாடாவைக் கட்டிவிட்டு நான் அங்கேயே நின்றேன். எதிர் வீட்டுக்காரர் மறுகோடிக் கயிற்றுக்குப் பின்னால் நின்றார். விசில் ஊதினார்கள். இரண்டாவதாக வந்தாள். வந்த வேகத்திலேயே கயிற்றுக்கு அடியில் நுழைந்து அவர்மீது தாவினாள். அவர் தூக்கிக்கொண்டார். அவள் நெஞ்சு அவர் தோளில் அழுந்தியிருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

நான் ஓட முடியாது. நடந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கோட்டில் வந்து நின்றதால் மைதானத்தைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்ததும் அவள் கீழே குதித்து, தானாகவே கழுத்தைச் சாய்த்துக் காட்டினாள்.

"எண்ணுப்பா!"

பதினைந்து நொடியில் இருபத்தைந்து.

"எவ்ளோப்பா?"

"நூறு."

"அவ்ளோதானா?" அவள் முகம் சுருங்கிவிட்டது. "மாமா, அப்போ எவ்ளோ வேகமா அடிச்சிது!"

"ஆமா அண்ணாச்சி, என் தோள்ல மேளம் அடிச்ச மாதிரில்லா அடிச்சு" என்றார் அவர்.

நாட்குறிப்பை எடுத்து எழுதினேன். பந்தயம், இரண்டாம் இடம், இறங்கிய அளவு 100. ஏறிய அளவுக்கான இடத்தை இன்றுவரை காலியாகவே விட்டிருக்கிறேன்.