இரண்டு சொட்டு கூடிப்போன கராம்பெண்ணெய்

ஆதம்பாவாக் காக்காவின் முன்பல்லுக்குள்ளிருந்து டொக்டர் எடுத்த பஞ்சு நீலமாக வந்தது. ஒரு கிழமைக்கு முன் அதை வெள்ளையாக, மருந்தில் நனைத்துக் கொடுத்தவன் நான்தான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் பல் வைத்தியம் பார்த்தார். நான் அவருடைய உதவியாள். சாய்ந்தமருதுக்காரன், வேலையில் சேர்ந்து ஆறு மாதம். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

அந்த நாளில் பல்வலி என்றால் பிடுங்குவதுதான் வழக்கம். அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஆதம்பாவா மருதமுனையில் தறி நெய்கிறவர். மேல் முன்பல்லின் வேரில் சீழ். ஆனாலும் பிடுங்க விடவில்லை.

"இந்தப் பல்லுதான் டொக்டர் எனக்குக் கத்தரிக்கோல். இதப் புடுங்கினா நான் என்னத்தால நூலறுக்கிற?"

ரூட் கனால் செய்து பார்ப்போம், மறுபடி சீழ் வைத்தால் பிடுங்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர்.

வேரைச் சுத்தம் செய்து, மருந்துப் பஞ்சை வைத்து, மேலே தற்காலிகமாக அடைக்க வேண்டும். அடைப்பு என்பது ஜிங்க் ஒக்சைட் தூளும் கராம்பெண்ணெயும்தான். கண்ணாடிப் பலகையில் வைத்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை குழைப்பது என் வேலை. கராம்பெண்ணெய் கிருமியைக் கொல்லும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கூட விட்டால் கூடக் கொல்லும்தானே என்று, சொல்லாமல் இரண்டு சொட்டு கூட்டிவிட்டேன்.

"இளக்கமாக் கிடக்கு," என்றார் டொக்டர்.

"இறுகிரும் டொக்டர்," என்றேன், பெரிய அனுபவசாலி மாதிரி.

இறுகவில்லை. ஒரு கிழமையில் காக்கா வீங்கிய உதட்டோடு வந்தார். எண்ணெய் கசிந்த இடத்தில் பல்லைச் சுற்றிய முரசுச் சதை வெந்து வெளுத்திருந்தது. அடைப்பில் பாதியைக் காணவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் டொக்டர் நீலப் பஞ்சை இழுத்தெடுத்தார்.

"கடிக்க வேணாம் எண்டு சொன்னனான் எல்லோ?" என்றார் டொக்டர்.

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுறன், நான் ஒண்டும் கடிக்கல்ல டொக்டர். ஒரு கிழமையாக் கஞ்சிதான்."

"அப்ப இந்த நீலம்?"

காக்கா யோசித்தார். "சாயம் போட்ட நூல். தறியில ஓடுற நாடாக் கட்டைட கண்ணுக்குள்ளால வாயால உறிஞ்சித்தானே நூல எடுக்கிற. பொறவு பல்லால அறுக்கிற. நூல் சாப்பாடா டொக்டர்?"

டொக்டர் சிரிக்கவில்லை. மீதியிருந்த அடைப்பைக் கம்பியால் குத்தினார். சேற்றில் இறங்குவதுபோல் இறங்கியது. அவர் கை பல் பிடுங்கும் குறட்டுக்குப் போவதைப் பார்த்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"என்ட பிழை டொக்டர். எண்ணெய் ரெண்டு சொட்டு கூட விட்டன். இன்னொருக்காச் செஞ்சு பாப்பம்."

காக்கா என்னைத்தான் முதலில் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நானும் நூல் கடிச்சன்தானே. ரெண்டு பேரிலயும் பிழைதான். பல்லு என்ன செய்யும்? இன்னொருக்காப் பாருங்க டொக்டர்."

டொக்டர் குறட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கொல்லுற மருந்து சதையையும் சுடும். உள்ள இருக்கிற கிருமியைக் கொல்லுறது மட்டும் போதாது, வெளியில இருக்கிறது உள்ள வரப்படாது. நீ மருந்தைக் கூட்டிப்போட்டுக் கதவைத் திறந்து விட்டிட்டாய்."

மறுபடி சுத்தம் செய்தோம். இந்த முறை சொட்டை எண்ணி விட்டேன். கை வலிக்கும்வரை குழைத்தேன். நூலெடுக்க வளைத்த கம்பி ஒன்றையும் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றையும் டொக்டர் காக்காவிடம் கொடுத்தார். அடுத்த தடவை பஞ்சு வெள்ளையாகவே வந்தது. வீக்கம் வற்றி, சீழ் காய்ந்ததும், கட்டாபேர்ச்சா என்ற ரப்பர் போன்ற குச்சியை இறுக்கமான பசையோடு வேருக்குள் வைத்து நிரந்தரமாக அடைத்தோம்.

பெருநாளைக்கு முன் காக்கா தான் நெய்த சாரன் ஒன்றை எனக்கு உடுக்கக் கொண்டுவந்தார். கரையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பழக்கதோசத்தில் அதை வாய்க்குக் கொண்டுபோனார். நானும் டொக்டரும் ஒரே நேரத்தில் "காக்கா" என்றோம். அவர் மடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டிவிட்டு, பல்லைக் காட்டிச் சிரித்தார்.

அதன் பிறகு முப்பது வருடம் இதே வேலை. கதிரையில் வந்து உட்காருகிறவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன், என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்பேன். பதில் வந்த பிறகுதான் எண்ணெய்ப் போத்தலைத் திறப்பேன்.