கறுப்புக் காரில் வட்டக் கீறல்கள்

பாலிஷ் கடைக்காரர் விளக்கை அடித்ததும் என் கறுப்புக் கார் முழுக்க வட்ட வட்டமாய்க் கீறல்கள் தெரிந்தன. பாலிஷ் வாடையோடு அப்பாவின் ஞாபகமும் வந்து தொலைத்தது.

எண்பதுகளில், அரியலூரில் கறுப்பு அம்பாசடர் வைத்திருக்கும் மிதப்பில் திரிந்த மனுஷன் அவர். தினமும் வண்டியில் சிமெண்ட் தூசி படியும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவ மாட்டார். தெருவே பார்க்கட்டுமென்று வாசலில் நின்று, காய்ந்த துணியால் அழுத்தித் தேய்ப்பார். ஒருநாள் வெயிலில் கீறல்களைப் பார்த்ததும் அம்மாவிடம் பாய்ந்தார்.

"வட்ட வட்டமா இருக்கு பாரு, எல்லாம் உன் வளையல்தான்டி! இனிமே வண்டிகிட்ட வந்துடாத!"

அதன்பின் அம்மா கீழப்பழுவூர் கோயிலுக்குக்கூட பஸ்ஸில்தான் போனாள். அற்ப மனுஷன்!

"தூசியோட காய்ஞ்ச துணியால தேய்ச்சிருக்காங்க சார். யாரு?" என்று கேட்டார் பாலிஷ்காரர்.

"என் வீட்டுக்காரிதான்" என்றேன்.

அவள் என் காரைத் துடைத்ததே இல்லை.