உஜோங் பாசிர் கடலில் கிடைத்த பாதங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப் போட்டேன். பேனாவை எடுத்ததும், "இன்னும் வயிற்றெரிச்சல் தீரவில்லை பார்" என்று யாரோ சொல்வது போலிருக்கும், மூடி வைத்துவிடுவேன். இப்போது என் சகலையும் காலமாகிவிட்டார். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். நான் தோட்டத்துப் பள்ளியில் கொஞ்சம் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஆத்தாள் செயல்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த சமயம். காஜா பேராங்கில் எங்கள் இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சகலைக்குத் தொங்கானில் வேலை. பெரிய கப்பல் கரைக்கு வராது. மூட்டைகளைத் தொங்கான் படகில்தான் இறக்கி வர வேண்டும். நங்கூரம் சேற்றில் சிக்கினால் இடுப்பில் கயிறு கட்டிக் குதிப்பவர் அவர்தான். எனக்கோ முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே கை கால் ஓடாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர், குமரிக்குத் தெற்கே தமிழர் நாடு ஒன்று கடலுக்குள் போன கதையை எங்கள் கோயில் மண்டபத்தில் பேசிவிட்டுப் போனார். நாங்கள் கேட்டுவிட்டு வந்து சாப்பிட்டோம். சகலைக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

"அவ்வளவு பெரிய நாடு, சகல. ஒரு மூலையாச்சும் இந்தப் பக்கம் நீண்டிருக்காதா?"

பிஸ்கட் டின்னின் அடியை வெட்டி, கண்ணாடி வைத்து, தாரால் அடைத்தார். அதைத் தண்ணீரில் அமுக்கி மேலிருந்து பார்த்தால் அடி தெரியுமாம். தார் நான் கொடுத்தது. எங்கள் கடலோ தேத்தண்ணி நிறம், என்ன தெரியும்? கடைசியில் மூழ்கிக் கையால் தடவித்தான் தேடினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உஜோங் பாசிர் கடற்கரைதான். காது அடைத்து, கண் சிவந்து திரும்புவார். என் மனைவி குழம்பு மீனின் தலையை அவருக்கென்று எடுத்து வைப்பாள்.

"பாவம், அத்தான் கடல்ல மூழ்கிட்டு வர்றாரு."

நான் நாள் முழுக்க வெயிலில் ரோட்டுக்குத் தார் ஊற்றிவிட்டு வருகிறவன். அது பாவத்தில் சேராது.

ஒரு ஞாயிறு அவர் கல்லோடு வந்தார். சிப்பி அப்பிய கருங்கல். தாமரைப் பீடத்தின் மேல் இரண்டு பாதங்கள். முழங்காலோடு உடைந்து போயிருந்தது. அக்கம்பக்கம் எல்லாம் மண்டபத்தில் கூடிவிட்டது.

"கடலுக்கு அடியில தமிழன் நாடு இருக்குன்னா சிரிச்சீங்களே, இப்ப சிரிங்க!" என்றார்.

கோயில் தலைவர் அவருக்கு மாலை போட்டார். வெள்ளிதோறும் கோயில் தொட்டி நிரப்பி விளக்குத் துலக்குகிறவன் நான். எனக்கு ஒரு முழம் பூ கிடைத்ததில்லை. வரும் வெள்ளிக்கிழமை கல்லைக் கோயிலுக்குள் வைத்துப் பால் ஊற்றுவதென்று முடிவாயிற்று.

அந்த உடைப்பைப் பார்த்ததுமே அது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் கோயில் கூரை மரம் விழுந்து, வாசலில் நின்ற காவல் அம்மன் முழங்காலோடு உடைந்தாள். பின்னமான சிலையைக் கும்பிடக் கூடாது, கடலில்தான் சேர்க்க வேண்டும் என்றார் அப்போதைய பூசாரி. அவள் சக்தியைக் குடத்து நீருக்கு மாற்றிவிட்டு, ஆர்ப்பாட்டமில்லாமல் சம்பான் என்ற சின்னப் படகில் கொண்டுபோய் உஜோங் பாசிருக்கு எதிரே இறக்கினோம். அந்தப் பூசாரியும் நானும்தான் போனோம். பாதங்கள் என் மடியில் இருந்தன. பூசாரி இறந்துவிட்டார். சண்டைக்குப் பின் புதுச் சிலை வந்ததும் மற்றவர்கள் பழையதை மறந்தே போனார்கள்.

சொன்னால் பொறாமை என்பார்கள். சொல்லாவிட்டால், வழியனுப்பி வைத்த தாயை இழுத்து வந்து, உடைந்த கோலத்திலேயே உட்கார வைத்துக் கும்பிடுவோம். அது எந்தக் குடும்பத்துக்கும் ஆகாது.

சகலையிடம் சொன்னேன். "அண்ணே, இது நம்ம கோயில் அம்மன். நான்தான் கடல்ல விட்டேன்."

மண்டபமே சிரித்தது. "நீயா? முட்டி நனைஞ்சாலே அம்மான்னு கத்துற ஆளு!" என்றார் தலைவர்.

சகலை சிரிக்கவில்லை. "நான் மூழ்கி எடுத்தது ஒனக்குப் பொறுக்கலையா, சகல?"

"வாங்க வீட்டுக்கு. மானத்த வாங்காதீங்க," என்று என் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

பொறுக்கவில்லைதான். அதுதான் கொடுமை. சொன்னது உண்மை, ஆனால் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே கேட்டது.

வியாழக்கிழமை கல்லைக் கழுவும் வேலை என் மனைவிக்கு. கரண்டிக் காம்பால் சிப்பியைப் பெயர்த்து, புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். வலது கால் விரலில் கறுத்த அரை வளையம் ஒன்று வெளியே வந்தது. எங்கள் மூத்த பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது அவள் வேண்டிக்கொண்டு அந்தக் காவல் அம்மனுக்குப் போட்ட வெள்ளி மெட்டி. கல் விரலில் முழு மெட்டி மாட்டாதென்று பாதியாக அடித்து, துளையிட்டு முடுக்கச் சொன்னவளே அவள்தான்.

அவள் என்னை ஜாடையாகக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இப்ப சந்தோஷமா ஒங்களுக்கு?"

சந்தோஷமாகத்தான் இருந்தது, அவள் முகத்தைப் பார்க்கும்வரை.

அவளே அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். சகலை வந்து அந்த விரலை வெகுநேரம் தடவினார். பிறகு மண்டபத்தில் எல்லோர் முன்னாலும், "சகல சொன்னதுதான் சரி. இவள விட்ட எடத்துலயே விட்டுடுவோம்," என்றார். அப்போதும் சிலர், "சொந்தக்காரன விட்டுக்குடுக்காம பேசுறாரு லா," என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, பால் ஊற்ற வேண்டிய வேளையில், நாங்கள் இருவரும் சம்பானில் இருந்தோம். நான் ஒரு கையால் கற்பூரம் காட்டினேன். மறு கை பலகையை விடவில்லை. அவர் கைக்குழந்தையைப் போல அவளைத் தண்ணீருக்குள் இறக்கினார். பிறகு குனிந்து பிஸ்கட் டின்னை அமுக்கிப் பார்த்தார்.

"என்ன அண்ணே தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. ஆனா சகல, நான் எடுத்த அன்னிக்கு இவ சேத்துல புதையல. கெட்டியா எதுமேலயோ நின்னா. கையால தடவிப் பாத்தேன். அது என்னவா இருக்கும்?"

அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. தோற்ற மறுநாளே அவருக்கு மறுபடி ஒரு நாடு கிடைத்துவிட்டது. ஜெயித்த எனக்கு மறுநாள் தார்ச்சட்டிதான். மாலை விழுந்த அன்று எரிந்ததைவிட அப்போதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

இந்தக் கதை இப்போது இரண்டு விதமாகச் சுற்றுகிறது. ஒன்றில் அது முழுகிய நாட்டுக் கல், நான் பொய்யன். இன்னொன்றில் நான் அம்மன் மானம் காத்த உத்தமன். இரண்டும் வேண்டாம். யாரிடமாவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். மெட்டியை விட்டுவிடாதீர்கள். அவர் மூழ்கியதையும் நான் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். என் பொறாமையையும் எனக்காகக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.