பாதி வசனத்தில் மூடிய சுருள்

தலையில் தையலோடு சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம், சமயநல்லூர் வீட்டில் ஜெபம் வைத்தார்கள். காளவாசலில் அவருடைய டயர் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்துவதில் தகராறு. பக்கத்துக் கடைக்காரர் கம்பியால் அடித்துவிட்டார். ஜெபம் முடிந்ததும் ஆரப்பாளையத்திலிருக்கும் அந்த ஆள் வீட்டுக்குப் போய்த் திருப்பி அடிப்பது என்று சித்தப்பா மகன் வாசலில் பைக்கைத் தயாராக நிறுத்தியிருந்தான். சித்தப்பா தடுக்கவில்லை.

வேதம் வாசிப்பது என் வேலை. அன்றைக்குப் பகுதியைச் சித்தப்பாவே சொன்னார்: சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, கர்த்தரின் அநுக்கிரக வருஷம், அதை ஒட்டியே தேவன் பழிக்குப் பழி சரிக்கட்டும் நாள் என்று வருகிற பழைய தீர்க்கதரிசனம்.

“அந்தச் சரிக்கட்டுற நாள மட்டும் நல்லா சத்தமா வாசிடா.”

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சுவிசேஷத்தில் தீர்க்கதரிசனம் நிறைவேறியதாக எங்கே வந்தாலும், உடனே பழைய ஏற்பாட்டைப் புரட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். இதையும் பார்த்திருக்கிறேன். இயேசு தம் சொந்த ஊர் ஜெபஆலயத்தில் இதே பகுதியை வாசிக்கிறார். அநுக்கிரக வருஷம் வரை வந்து, பாதி வசனத்திலேயே சுருளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். இன்றைக்கு இது நிறைவேறியது என்கிறார். ரோமர்களிடம் அடிவாங்கிக்கொண்டிருந்த ஜனம். அடுத்து வரும் அந்தச் சரிக்கட்டும் நாளுக்காகத்தானே அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்திருப்பார்கள்?

அதுவரை அது எனக்கு வெறும் தகவல். அன்று அநுக்கிரக வருஷம் வரை வாசித்து நானும் நிறுத்திவிட்டேன்.

“மீதிய வாசிடா.”

“இயேசு வாசிக்கும்போது இதோட நிறுத்திட்டாரு, சித்தப்பா.”

“அண்ணே, பிரசங்கத்த ஞாயித்துக்கிழமை வச்சுக்க,” என்றான் சித்தப்பா மகன். “நான் போகணும்.”

சித்தப்பா பைபிளை வாங்கினார். கண்ணாடியின் காது தையலில் பட்டதால் அதைக் கையில் பிடித்துக்கொண்டே, நான் காட்டிய இரண்டு இடங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“அப்ப மிச்சம் எப்ப நடக்கும்?”

“தெரியல சித்தப்பா. அத அவரு தன் கையில வச்சுக்கிட்டாரு போல.”

“எங்கிட்டக் குடுக்கலங்கிற.”

பைபிளை மூடிவிட்டுச் சித்தப்பா மகனிடம் திரும்பினார்.

“வண்டிய உள்ள ஏத்தி வை.”

“அப்பா, அம்புட்டுப் பேரு முன்னாடி ஒங்கள அடிச்சிருக்கான்.”

“அடி வாங்கினவன் நானு. ஏத்தி வைடா.”

பைக்குக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம் உள்ளே கேட்கும்வரை அவர் ஜெபத்தைத் தொடங்கவில்லை.