அசலுக்கும் நகலுக்கும் அம்மா வைத்த பொட்டு

எங்கள் அப்பா இல்லாத வீட்டில் ஒரு வருடத்தைக் கழித்துவிட்டோம். இந்த நினைவு மலரில் அப்பாவின் உத்தியோகத்தைப் பற்றித் தம்பியும், உறவு முறைகளைப் பற்றிச் சித்தப்பாவும் எழுதுவதாக ஏற்பாடு. என்னிடம் அம்மா சொன்னது இதுதான்: “நீ அந்தக் கிட்டாரப் பத்தி எழுது ஆத்தா. நடந்தத நடந்தபடி எழுது. எனக்காக எதையும் மறைக்க வேணாம்.” அம்மா அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

அப்பா பிறந்தது நார்த்தாமலைப் பக்கம், மானாவாரியில் கடலை போட்டுப் பிழைத்த குடும்பத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். ஏர் பிடித்துக்கொண்டே படித்து, புதுக்கோட்டைத் தொலைபேசி நிலையத்தில் டெக்னீசியன் ஆனார். கல்லூரிக் காலத்தில் அவருக்கு வாய்த்த ஒரே சொத்து, பினாங்கிலிருந்து திரும்பிய அவருடைய சின்னையா கொண்டுவந்த ஹவாயன் கிட்டார். மடியில் படுக்க வைத்து, கம்பிகளின் மேல் ஓர் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கிற வகை. சின்னையாவுக்கு அதை வைத்துக்கொள்ளத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. அப்பா ரேடியோவைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே பிடித்துக்கொண்டார்.

வாசிக்கும்போது பார்த்தால் துணி தேய்ப்பது போலத்தான் இருக்கும். “என்ன மாப்ள, சட்டை காஞ்சிருச்சா?” என்று மாமன்மார்கள் கேலி பேசாத கல்யாண வீடு கிடையாது. அந்த எஃகுத் துண்டுக்கு அம்மா வைத்த பெயர் குட்டிக் குழவி.

அலுவலக நண்பர்களோடு அப்பா ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். பங்குனி, சித்திரை என்றால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. பகலில் கம்பத்தில் ஏறி லைன் பார்ப்பார், பொழுது சாய்ந்தால் ஏதாவது ஒரு கோயில் மேடையில் இருப்பார். கிட்டாரின் உடம்பு பேக்கலைட். பழைய சுவிட்சுகள் செய்வார்களே, அந்தக் கறுப்புச் சாமான். மேடை விளக்கின் சூட்டில் அதன் சுருதி இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அப்பாவின் கை தானாகவே கம்பியை இறுக்கும் முறுக்காணிக்குப் போகும். மணமேல்குடித் திருவிழாவில் கடல் காற்றும் சேர்ந்துகொண்டு படுத்தியபோது, “வாசிச்ச நேரத்த விட முறுக்குன நேரந்தான் அதிகம்” என்று வந்து சிரித்தார்.

கம்பிகளுக்கு மேலே, குதிரை லாடத்தைக் கவிழ்த்தது போல ஒரு பெரிய காந்தம் இருக்கும். அதன் நடுவே மயிரிழை போன்ற செம்புக் கம்பியைச் சுற்றிய சுருள். வாசிக்கும் கம்பிகளின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான்; கிட்டாரின் குரலே அந்தச் சுருளில்தான் இருக்கிறது. “அழுகுற மாதிரி இருக்கும், ஆனா கேட்டுக்கிட்டே இருக்கலாம்” என்று அம்மா சொல்லும் குரல் அது. கல்யாணம் ஆன புதிதில் அம்மா கேட்டு மயங்கியதும் அதைத்தான்.

ஆயுத பூசைக்கு எங்கள் வீட்டில் ஸ்குரூ டிரைவர், சைக்கிள், அரிவாள்மனை எல்லாம் வரிசையாகப் படுத்திருக்கும். முதல் மரியாதை கிட்டாருக்கு. அம்மா குளித்துவிட்டு வந்து கல்லில் சந்தனம் உரசி, லாடத்தின் இரண்டு தோளிலும் ஒவ்வொரு பொட்டு வைப்பார். பிறகு நடுவில், அதற்கு நெற்றி என்று அவர் நினைத்த இடத்தில், பெரிதாக ஒரு பொட்டும் குங்குமமும் வைத்து, மாவிலையால் நீரும் தெளிப்பார். அப்பா பக்கத்தில் கைகட்டி நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பிகளையும் சுருள்களையும் நாள் முழுக்கப் பழுது பார்த்த மனிதருக்கு அந்த ஒரு நாள் மட்டும் எதுவும் தோன்றவில்லை பாருங்கள்!

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு தடவை கிட்டார் ஊமையாகிவிட்டது. அப்பா கூடத்தில் துணி விரித்து அதைக் கழற்றினார், நான் டார்ச் பிடித்தேன். மேல் மூடியைத் தூக்கியதுமே சந்தன வாசனை வந்தது. வருடா வருடம் வைத்த சந்தனம் நீரோடு உள்ளே இறங்கிக் காய்ந்து கட்டியாகியிருந்தது. செம்புக் கம்பி களிம்பேறிப் பச்சையாகி அறுந்து கிடந்தது. அப்பா அடுப்படியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஒங்கம்மாகிட்ட சொல்லிறாத ஆத்தா. ஆசையா வச்சது” என்றார்.

வேறு சுருள் சுற்றிப் போட்டுப் பார்த்தார். சத்தம் வந்தது, குரல் வரவில்லை. கடைசியில் பழைய சுருளையே அந்தக் காய்ந்த சந்தனத்தோடு திரும்ப வைத்து மூடிவிட்டார். அம்மாவிடம், “அதுக்கும் வயசாயிருச்சு, விடு” என்றார். குழுவை மற்றவர்களிடம் ஒப்படைத்தார். அதற்கடுத்த ஆயுத பூசைகளில் கிட்டார் பெட்டிக்குள்ளேயே இருந்தது; பொட்டு பெட்டியின் மேல்தான். ஓய்வு பெற்ற பிறகு அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்து வெறும் தொடையில் விரலை வழுக்கிக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்கு ஆற்றாது. அம்மாவுக்கும்தான்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி தேடி அலைந்து, அதே கிட்டாரை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த புதுக் கிட்டார் ஒன்றை வாங்கி வந்தான். பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். அதே கறுப்பு, அதே வெள்ளைக் கோடுகள், அதே லாடம். முறுக்காணியின் குமிழ்களைக்கூடப் பழையது போலத் தெரியும்படி மஞ்சளாக்கியிருந்தார்கள். “அசல் தோத்துரும்பா!” என்றான் தம்பி.

அப்பாவா விடுகிறவர்? பழையதைப் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தார். கம்பி நீளம் சரியாக இருந்தது. தூக்கிப் பார்த்தார், எடை குறைவு. உடம்பு பேக்கலைட் அல்ல, கறுப்பு வண்ணம் அடித்த மரம். சுண்டுவிரலால் திருகி ஒலியை ஏற்றி இறக்கும் குமிழ் இறுக்கமாக இருந்தது, அதை இளக்கிக்கொண்டார். பிறகு அம்மாவிடம் ஒரு ஊக்கு கேட்டார். பழைய லாடத்தின் அருகே கொண்டுபோனதும் ஊக்கு பாய்ந்து ஒட்டியது. புதிய லாடத்தில் வைத்தார், ஊக்கு கீழே விழுந்தது. அது காந்தமே இல்லை, பார்வைக்கு வளைத்து வைத்த தகடு. உண்மையான காந்தமும் சுருளும் அடியில் பத்திரமாக மூடிக் கிடந்தன.

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. அப்பா மெதுவாக வாசித்துப் பார்த்தார். ஒரு பாட்டு முடிந்ததும் கை முறுக்காணிக்குப் போய், சுருதி இறங்கவில்லை என்று தெரிந்து, ஏமாந்த மாதிரி திரும்பி வந்தது. “ஒண்ணுவிட்ட தம்பி மாரி இருக்கு. மொகம் அதே மொகந்தான், கொரல் வேற” என்றார். நீ என்ன சொல்கிறாய் என்று அம்மாவைக் கேட்டோம். “அது அழுகும். இது அழுகல, பேசுது. இந்த வயசுக்கு இதுவே நல்லது” என்றார் அம்மா.

அந்த வருட ஆயுத பூசையில் அப்பா புதிய கிட்டாரைத் தாமே எடுத்து வந்து அம்மாவின் முன்னால் வைத்தார். லாடத்தைத் தட்டிக் காட்டி, “இது சும்மா தகடு. ஒனக்கு எங்கிட்டு வேணுமோ அங்கிட்டெல்லாம் வையி” என்றார். அம்மா தோளிலும் நடுவிலும் தாராளமாக வைத்தார். நகல் எந்த இடத்தில் அசலிலிருந்து தவறியதோ, அந்த இடத்தில் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அதன் பிறகு வலக்கை சோரும் வரை தினமும் சாயங்காலம் வாசித்தார். கடைசி நாட்களில் கட்டிலில் அதை மடியில் வைத்துவிடச் சொல்வார். வாசிக்க முடியாவிட்டாலும் லாடத்தைத் தடவிக்கொண்டிருப்பார்.

அப்பா போய் அப்போது வருடம் திரும்பாததால் இந்த முறை எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. ஆனாலும் ஆயுத பூசையன்று அம்மா சந்தனக் கல்லை எடுத்துவிட்டார். அத்தை தயங்கித் தடுத்தபோது, “நான் பண்டிக கும்புடல. அவுக சாமானுக்குப் பொட்டு வைக்கிறேன்” என்றார். புதியதற்கு வைத்து முடித்ததும் பழையதன் பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “எனக்குத் தெரியும்டி. இத்தன வருசம் என்னிய வக்கச் சொன்ன மனுசன், திடீர்னு பெட்டி மேல வையின்னா எனக்குப் புரியாதா? தகடுன்னு தட்டிக் காட்டுனாகளே, அன்னைக்கு நல்லாவே தெரிஞ்சுபோச்சு. அவுக சொல்ல வேணாம்னு நெனச்சாக. நானும் கேக்கல.” அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.

அப்பாவை நோயில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இராப்பகலாகத் துணையிருந்த அத்தை வீட்டாருக்கும், கடைசி வழியில் பாட்டிசைத்து அனுப்பிவைத்த மெல்லிசைக் குழுவினருக்கும், சொல்லியனுப்பும் முன்பே ஓடிவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது.

நினைவு நாளில் அப்பாவின் படத்துக்கு அருகில் இரண்டு கிட்டார்களும் இருக்கும். சந்தனம் வைக்க விரும்பும் உறவினர்கள் புதியதற்கு வையுங்கள். பழையதற்குப் பூ மட்டும் போதும். அம்மா வைத்த சந்தனம் உள்ளே இருக்கிறது. அப்பா அதைத் துடைக்கவே இல்லை.