அரசன் எடுத்துக்கொள்பவை

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பதை எங்கள் தேவாலயப் பங்கில் அன்பியம் என்போம். ஒருவர் வாசகம் வாசிப்பார். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒவ்வொருவரும் மனத்தைத் தொட்ட ஒரு சொல்லை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு மாலை மாரண்டஹள்ளிக்கு அருகே எங்கள் ஊரில், தக்காளி போடும் ஓர் அக்கா வீட்டில் கூடினோம். வாசித்தது நான். கடவுளையே அரசராகக் கொண்டிருந்த மக்கள், மற்ற நாட்டாரைப் போல எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று கேட்கிறார்கள். முதிய இறைவாக்கினர் எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை ஒரு பட்டியல்தான். அரசன் உங்கள் மகன்களைத் தேருக்கு முன்னால் ஓட எடுத்துக்கொள்வான். மகள்களைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்வான். நல்ல வயல்களை எடுத்துக்கொள்வான்.

அங்கே தலையை நிமிர்த்தினேன். திறந்திருந்த வாசலுக்கு நேரே அக்காவின் வயல். வடகிழக்கு மூலை வெட்டுப்பட்டு, ஓடையோடு வளைந்து போகும் வரப்பு. வெள்ளிக்கிழமை நான் சிவப்புக் கோடு போட்ட வடிவம் அது.

தருமபுரியில் அரசு நில அளவை அலுவலகத்தில் கணினியில் வரைபடம் போடுகிறேன். வரப்போகும் ஒரு சாலைக்கு எந்த நிலங்கள் தேவை என்ற வேலை என் கையில் இருந்தது. எங்கள் ஊர் வழியாகப் போகிறது என்பது தெரியும். தாளில் புல எண்கள் மட்டுமே இருந்தன. யாருடைய நிலம் என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

எப்படியோ வாசித்து முடித்தேன். பட்டியலில் வயலுக்கு முந்தைய வரி மகள்கள். வீடு புகுந்து இழுத்துப் போவது என்றே சிறுவயதிலிருந்து அதைக் கற்பனை செய்திருந்தேன். நானோ விண்ணப்பம் எழுதிப் போட்டுப் போனவள். வேலை கிடைத்தபோது அம்மா கோவிலில் நன்றிப் பூசைக்குக் காணிக்கை கொடுத்தார்.

அரசன் எடுத்துக்கொள்ளும் பட்டியலில் பின்னால் வந்த "கழுதைகள்" என்ற சொல்லை ஒருவர் மூன்று முறை சொன்னார். "யாரு, உன் வூட்டுக்காரரா?" என்று பின்னாலிருந்து குரல் வர, பலருக்கு இருமல் வந்தது. என் முறையில் தலையாட்டி அடுத்தவருக்கு விட்டேன்.

பிறகு மன்றாட்டு. இரண்டு கோடையாகத் தண்ணீர் இல்லாமல் செடியைக் காயவிட்டவர் அந்த அக்கா. காலையில் வயலில் போர் போட வண்டி வருகிறது, தண்ணீர் கிடைக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்து வந்த ஜெபத்தில், உமது ஆட்சி வருக என்ற இடத்தில் எனக்கு வாய் திறக்கவில்லை.

டீ குடித்து எல்லாரும் போன பிறகு சொன்னேன்.

"அக்கா, நாளைக்கு போர் போடாதீங்க."

"ஏன் கண்ணு, நாள் நல்லால்லையா?"

"அந்த வயல்ல ரோடு வருதுங்க."

"யாரு சொன்னா?"

"நான்தாங்க வரஞ்சேன்."

அவர் டம்ளர்களை அடுக்குவதை நிறுத்தினார்.

"ராஜாவோட ஆளு எங்கியோ இருப்பான்னு கேட்டுட்டிருந்தேன். எங்க பாய்லயே ஒக்காந்து வாசிச்சிருக்கற."

வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். இன்னும் முடிவாகவில்லை, அறிவிப்பு வரும், ஆட்சேபணை எழுதித் தரலாம், இதையெல்லாம் நான் வெளியே சொல்லக்கூடாது. கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"அப்பறம் ஏன் சொன்ன?"



காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அந்த வயலிலிருந்து வெள்ளைத் தூள் எழும்பிக்கொண்டிருந்தது. நான் சொன்னது புரியவில்லையோ என்று ஓடினேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அக்கா போர் வண்டி அருகே நின்றார். நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்தினேன்.

"நேத்து ஆண்டவருகிட்ட கேட்டமா இல்லியா? அவரு குடுத்தா வாங்கறதுக்குக் குழி வேணாமா?" என்றார். பிறகு, "போயி உன் படத்துல இங்க போர் இருக்குதுன்னு போடு."

"இன்னும் தண்ணி வரலீங்களே அக்கா."

"வரும். போடு."

பேருந்து போய்விட்டது. அலுவலகத்துக்குப் போன் செய்து தாமதமாக வருவேன் என்றேன். காரணம் கேட்டார்கள். வரைபடத்தில் இருப்பதை நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். எனக்குப் பின்னால் துளை பாறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.