ஆழமான குடா

கதிர்காமத்தம்பி அண்ணைக்குத் திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமை பேசாவிட்டால் சோறு இறங்காது. சுவிஸில், லோசான் நகரத்து ஓர் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக அவரோடு தரை துடைக்கிறேன். ஜன்னலில் ஏரி தெரிந்தால் போதும், தொடங்கிவிடுவார்.

"இதெல்லாம் ஒரு தண்ணியோ? எங்கட துறைமுகத்தின்ர ஆழத்துக்கு எந்தப் பெரிய கப்பலும் புயலுக்கு வந்து ஒதுங்கும்."

மனிதர் வாழ்நாளில் ஒரு தோணியில் ஏறியதில்லை. அவருடைய தகப்பன் சந்தையில் துணி விற்றவர்.

அவருடைய மகள் தர்மிகாதான் கடலுக்குப் போனாள். கரீபியன் தீவொன்றில் கடலாமைகளைக் கணக்கெடுக்கும் வேலை. ஒரு கூட்டாளியுடன் சின்னப் பாய்மரப் படகிலேயே தங்கியிருந்தாள். இருவருக்கும் படகு ஓட்டுவது புதிது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிடும்போது அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"அப்பா, புயல் வருது. இந்தக் கரையில ஒதுங்க ஒரு வீடும் இல்லை, படகிலதான் இருக்கவேணும். வடக்கில மலை சுத்தின ஆழமான குடா இருக்கு. தெற்கில ஒரு களப்பு, ஆழமில்லை, சேறும் கண்டல் மரமும். எங்க போறது?"

"சேத்துக்குள்ள ஏன் போறாய் மகள்? ஆழத்துக்குப் போ. எங்கட திருகோணமலை மாதிரி."

"சரி அப்பா."

அன்று முழுவதும் அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மேற்பார்வையாளரிடமும் அதைச் சொன்னார். அவர் ஏரியில் படகு ஓட்டுகிறவர். கேட்டதும் முகம் மாறிவிட்டது. ஆழத்தைப்போல் ஏழு மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் பிடிக்குமாம். சின்னப் படகில் அவ்வளவு கயிறு இருக்காதாம்; ஆழம் பெரிய கப்பலுக்கு. சின்னப் படகு என்றால் களப்புக்குள் புகுந்து, கண்டல் மரங்களில் நாலாபக்கமும் கட்டிவிட வேண்டுமாம்.

அண்ணை அந்த இடத்திலேயே அழைக்கத் தொடங்கினார். பத்து, இருபது, நாற்பது தடவை. இணைப்புக் கிடைக்கவில்லை. கடைசியில் குரல் செய்திக்குள் கத்தினார்.

"களப்புக்குப் போ மகள்! அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. நான் சும்மா கதைச்சனான்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அப்போது கைபேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"வாசி தம்பி. களப்புக்கு வந்திட்டாளாமோ?"

அது அவள் முதல் நாள் மாலையே அனுப்பிய செய்தி.

"நீங்க சொன்ன குடாவுக்கு வந்திட்டம் அப்பா. நல்ல ஆழம். இனிப் பயமில்லை."